மூன்று நிமிஷ வீரன்

மயானக் கொள்ளை உற்சவம் முடிந்து எங்கள் மேல்மலையனூர் ஓய்ந்திருந்த சமயம். என் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு ராட்சத உருவத்தைத் தீட்டியிருந்தான். வெள்ளியும் சிவப்புமான உடல். முட்டை போன்ற கண்கள். மார்பில் ஒரு விளக்கு.

"யாரப்பா இது?" என்றேன்.

"அல்ட்ராமேன், ஸார்! ஜப்பான் வீரன்" என்றான் பெருமிதத்துடன்.

அவன் தகப்பனார் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுபவர். அதைப் பற்றி நான் கேட்டதும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அல்ட்ராமேன் கதை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1966-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி ஆரம்பமாகி, மறு வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி வரை 39 பகுதிகளாக நடந்தது. இதைத் தோற்றுவித்த எய்ஜி ஸுபுராயா, 1954-ல் வெளிவந்த 'காட்ஜில்லா' படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்த நிபுணர்.

கதை எளியது. ஹயாட்டா என்னும் இளைஞன் ஆபத்து வேளையில் வானுலக வீரனாக மாறி, 40 மீட்டர் உயரம் வளர்ந்து, ஊரை அழிக்க வரும் பூதங்களுடன் பொருதுகிறான். ஆனால் பூமியில் அவன் பலம் மூன்று நிமிஷமே நிலைக்கும். நீலமாய் ஒளிரும் மார்பு விளக்கு சிவந்து மினுக்கத் தொடங்கினால், காலம் முடியப் போகிறதென்று பொருள். எல்லையற்ற பலத்தைக் கண்டு நாம் வியக்கலாம். நெஞ்சு துடிப்பதோ பலத்துக்கு எல்லை உள்ளவனுக்காகத்தான்.

அந்த ராட்சதன் எப்படி உண்டானான்? சடோஷி ஃபுருயா என்ற நெடிய நடிகர் ரப்பர் உடைக்குள் புகுந்து, பொம்மைக் கட்டிடங்களுக்கிடையே நின்று போராடினார். காமிராவை வேகமாக ஓட்டிப் பிடித்த படத்தைச் சாதாரண வேகத்தில் காட்டினால், அசைவு மந்தமாகி உடலுக்கு மலையின் கனம் வந்துவிடும். வேஷத்தை உலகம் அறிந்தது. உள்ளே வேர்த்த முகத்தை அறியவில்லை.

செஞ்சிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இவ்வித்தை புதிதா? இலேசான மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கீர்த்தியும் அணிந்து திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் கூத்தர், நம் கண்முன்னே மும்மடங்கு வளர்ந்து விடுகிறார் அன்றோ? திரௌபதி அம்மன் விழாவின் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் பல அடி நீளத்துக்குப் படுக்க வைக்கிறோம். வேஷம் கட்டியவர்கள் அதைச் சுற்றிப் போர் புரிகிறார்கள். தொடையில் அடி விழுந்ததும் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜப்பானியர் தம் வித்தையைக் கொண்டாடுகிறார்கள். ஸுபுராயா 1970-ல் காலமானார். அவர் பிறந்த ஸுககாவா நகரில் 2019-ல் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. அந்நகரத்துத் தெருக்களில் அல்ட்ராமேனுக்குச் சிலைகள் நிற்கின்றன. 1974-ல் தாய்லாந்தில் எடுத்த ஒரு படத்தில் நம் அனுமானே அல்ட்ரா சகோதரர்களுடன் கைகோத்தார். 2022-ல் 'ஷின் அல்ட்ராமேன்' என்ற புதுப்படமும் வந்தது.

முதல் தொடரின் கடைசிப் பகுதியில் ஜெட்டான் என்னும் பூதத்திடம் அல்ட்ராமேன் தோற்று வீழ்கிறான். பின்பு அப்பூதத்தை அழிப்பவர்கள் சாதாரண மனிதர்களே, தாங்கள் செய்த ஆயுதத்தால்! பிறர் வந்து காப்பார் என்று என்றும் காத்திருக்கலாகாது என்பதே அக்கதையின் முடிவு.

இவற்றையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். "உள்ளே இருந்தவர் மூஞ்சியே தெரியாதா, ஸார்?" என்று கேட்டான். சற்று யோசித்து, "எங்கப்பா மூஞ்சி தெரியும்" என்றான். இம்முறை தலை குனியவில்லை.

அடுத்த கூத்துக்குப் போகும்போது, நேயர்களே, வேஷம் கட்டும் கொட்டகைக்கும் உங்கள் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ராட்சதன் மனிதனிலிருந்து எழுவதை அவர்கள் அங்கே காணட்டும்.