தொண்ணூறு மணி நேரம்

"முதல் பரிசு எவ்வளவு?" என்று கேட்டாள் உபாத்தியாயரின் மனைவி.

"பரிசே கிடையாது" என்றார் உபாத்தியாயர்.

"அப்படியானால் முதலில் வருகிறவருக்கு என்னதான் கொடுப்பார்கள்?"

"ஒரு பதக்கம். கெடுவுக்குள் கடைசியாக வருகிறவருக்கும் அதே பதக்கந்தான்."

அம்மாள் சற்று யோசித்தாள். "ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பதற்கு நாமே பணமும் கட்ட வேண்டுமாக்கும்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நேயர்களில் பலர் இந்த அம்மாளின் கட்சியில்தான் சேருவீர்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நாமும் ஆதியில் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களே. ஆனால் கோயமுத்தூரைச் சேர்ந்த நம் நண்பர்கள் இருவர், 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரான்ஸு தேசத்துக்குச் சென்று, "பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்" என்னும் சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொண்டு திரும்பினார்கள். அவர்கள் வாயால் அந்த விருத்தாந்தத்தைக் கேட்ட பிறகு நாம் கட்சி மாறிவிட்டோம்.

ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயர், வயது நாற்பத்தாறு. மற்றவர் பாங்கு உத்தியோகஸ்தர், ஐம்பத்திரண்டு வயதானவர். இருவரில் ஒருவர் பதக்கத்துடன் வந்தார். மற்றவர் வெறுங்கையுடன் வந்தார். யார் எப்படி வந்தார் என்பதை இப்போதே சொல்லிவிட்டால் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆகையால் சற்றுப் பொறுக்கவேண்டும்.

ஓட்டத்தின் பூர்வ கதை

1891-ம் வருஷத்தில் சைக்கிள் என்பது உல்லாசப் பிரபுக்களின் விளையாட்டுச் சாமான் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அது உண்மையில் உபயோகமான வாகனந்தான் என்று நிரூபிக்கப் பியேர் ஜிஃபார் என்னும் பாரிஸ் பத்திரிகாசிரியர் ஒரு யுக்தி செய்தார். பாரிஸிலிருந்து பிரான்ஸின் மேற்குக் கோடியில் அட்லாண்டிக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரையில் போய்த் திரும்ப வேண்டும் என்று தமது பத்திரிகையில் அறிவித்தார். இருநூறு பேருக்கு மேல் புறப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவர் ஷார்ல் தெரோன். அவருக்குப் பிடித்த நேரம் 71 மணி 22 நிமிஷம். முன்னால் போய்க்கொண்டிருந்த போட்டியாளர் படுத்து உறங்கிய சமயம் பார்த்து, தாம் உறங்காமலே அவரைக் கடந்து போய் ஜயித்தார். ஆமையும் முயலும் கதையில், முயலுக்குப் பதில் இன்னொரு ஆமையைப் போட்டுக்கொண்டால் சரியாக இருக்கும்.

பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு முறை இந்த ஓட்டம் நடந்தது. 1931-ல் ஆஸ்திரேலியரான ஹ்யூபர்ட் ஆப்பர்மன் 49 மணி 23 நிமிஷத்தில் வந்து ஜயித்தார். பிற்காலத்தில் அவர் தமது தேசத்தில் மந்திரியாகவும் இருந்தார். அதே 1931-ல்தான், சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டும் தொழில் வீரர்களுக்குப் பக்கத்திலேயே, பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பெண்களும் அவ்வருஷம் கலந்துகொண்டார்கள். 1951-க்குப் பிறகு தொழில் வீரர்கள் இந்தப் பாதையைக் கைவிட்டார்கள். ஆசைக்காக ஓட்டுகிறவர்கள் மட்டும் கைவிடவில்லை. 1975 முதல் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை இது நடந்து வருகிறது. 2019-ல் உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஆறாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இதை நடத்தும் பாரிஸ் ஆடாக்ஸ் சங்கத்தார், "இது பந்தயமே அல்ல" என்கிறார்கள். போட்டி மனிதனுக்கும் மனிதனுக்கும் அல்ல, மனிதனுக்கும் கடிகாரத்துக்குந்தான். பெரும்பாலோருக்குக் கெடு தொண்ணூறு மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். வழியில் குறிப்பிட்ட ஊர்களில் அட்டையில் முத்திரை பெறவேண்டும். அந்த ஊர்களைத் தவிர வேறு எங்கும் தன்னைச் சேர்ந்தவர்கள் மோட்டாரில் வந்து உதவி செய்யக்கூடாது.

நம் ஊரில் ஒத்திகை

ஆசை உண்டான மாத்திரத்தில் யாரும் பிரான்ஸுக்குப் போய்விட முடியாது. ஓட்டம் நடக்கும் அதே வருஷத்தில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஆகிய நான்கு பிரயாணங்களையும் கெடுவுக்குள் முடித்துக் காட்டவேண்டும். இருநூறுக்கு பதின்மூன்றரை மணி. அறுநூறுக்கு நாற்பது மணி. நம் தேசத்தில் சென்னை, கோயமுத்தூர் முதலிய நகரங்களில் இப்பிரயாணங்கள் நடைபெறுகின்றன. நம் நண்பர்கள் இருவரும் லாரிகளின் விளக்கு வெளிச்சத்தில் இரவெல்லாம் மிதித்து, விடியற்காலையில் சாலையோரக் கடையில் டீ குடித்து, திங்கட்கிழமை காலையில் ஒன்றும் நடக்காததுபோல் பள்ளிக்கூடத்துக்கும் பாங்குக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அறுநூறு கிலோமீட்டர் முடித்த மறுநாள், உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே நின்றபடி தூங்கிவிட்டதாகப் பையன்கள் சொல்லுகிறார்கள். உபாத்தியாயர் இதை மறுக்கிறார்.

போகும் வழி

பாரிஸுக்குத் தென்மேற்கேயுள்ள ராம்புயே என்னும் ஊரில், ஆகஸ்டு 18-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அவர்களுடைய கோஷ்டி புறப்பட்டது. ஆகவே வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குள் திரும்பிவிடவேண்டும். அங்கே அந்த மாதத்தில் இரவு ஒன்பது மணி வரையில் வெளிச்சம் இருக்கிறது. பிறகு நெடுந்தூரத்துக்குச் சிவப்பு விளக்குகளின் வரிசை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்ததாம். "கார்த்திகைத் தீபத்தை யாரோ சாலையில் இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது" என்றார் உபாத்தியாயர்.

நமது ஊரில் வெயிலுக்குப் பழகிய உடம்புகளுக்கு இரண்டு சங்கடங்கள் காத்திருந்தன. ஒன்று குளிர், இரவில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னொன்று காற்று. சமுத்திரத்திலிருந்து வரும் மேல்காற்று, போகும் வழியெல்லாம் முகத்தில் அடித்தது. பாதையோ ஓரிடத்திலும் சமனாக இல்லை. பெரிய மலை ஒன்றும் கிடையாது. ஆனால் ஏறி இறங்கி, இறங்கி ஏறி, ஏற்றங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் 11,000 மீட்டருக்கு மேல் ஆகிறது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரமே 8,849 மீட்டர்தான்!

இவ்வளவுக்கும் ஈடு செய்தவர்கள் வழியிலிருந்த கிராமத்து ஜனங்கள். நடுநிசியில் வீட்டு வாசலில் மேஜை போட்டுக் காப்பியும் தண்ணீரும் பண்டங்களும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பணம் கொடுத்தால் வாங்குவதில்லை. "ஊருக்குப் போனதும் ஒரு கார்டு போடுங்கள்" என்பார்கள் சிலர். "அலே! அலே!" என்று குழந்தைகள் கூவிக்கொண்டு கையை நீட்டும், ஓட்டுகிறவர்கள் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போகவேண்டும். உபாத்தியாயர் ஒரு பையனுக்குக் கடலை மிட்டாய் ஒன்று கொடுத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடித்துவிட்டு, இன்னும் ஒன்று கேட்டானாம். ஏழு கடல் தாண்டினாலும் பையன்கள் பையன்களே.

திங்கட்கிழமை இரவு லூதியாக் என்னும் ஊரில் மூன்று மணி நேரம் தூங்கினார்கள். ஒரு பெரிய கொட்டகையில் வரிசையாகப் படுக்கைகள். எந்த நேரத்தில் எழுப்பவேண்டும் என்று சொல்லிவிட்டால், தொண்டர் ஒருவர் சரியாக அந்த நேரத்துக்கு வந்து தோளைத் தொடுவார். "என் தாயார்கூட அவ்வளவு மெதுவாக எழுப்பியதில்லை" என்றார் பாங்குக்காரர். செவ்வாய்க்கிழமை மாலை பாலத்தின் மேலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் தெரிந்தது. பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதி இருந்தது.

நான்காவது இரவு

திரும்பும் வழியில் காற்று அநுகூலமாயிற்று. ஆனால் உடம்பு பிரதிகூலமாயிற்று. உள்ளங்கைகள் மரத்துப் போயின. ஆசனத்தில் உட்கார்ந்தால் நெருப்பில் உட்கார்வது போலிருந்தது. தூக்கமின்மை கண்ணுக்குள் நாடகம் போட ஆரம்பித்தது. புதன்கிழமை இரவு பாங்குக்காரர் எதிரே கோனியம்மன் கோவில் தேர் விளக்குகளுடன் அசைந்து வருவதைக் கண்டார். ஒதுங்கி வழிவிட்டு நின்றார். தேர் வரவில்லை, அது ஒரு மாதாகோவில் கோபுரம்.

வீலேன் என்னும் ஊரில் திருவிழாக் கூட்டம். அங்கே சிறுவர் சிறுமியர் களைத்து வருகிறவர்களின் சாப்பாட்டுத் தட்டைத் தாங்களே மேஜைக்குத் தூக்கி வந்து வைத்தார்கள். தட்டை எதிரே வைத்துக்கொண்டு பாங்குக்காரர் தலையை நிமிர்த்த முடியாமல் உட்கார்ந்திருந்தார். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களில் சிலருக்குக் கழுத்துத் தசைகள் ஓய்ந்து போய், தலையைத் தாங்க மறுத்துவிடும். அவருக்கு அதுதான் நேர்ந்திருந்தது. ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இன்னும் இருநூறு கிலோமீட்டர் போகவேண்டும்.

"தம்பி, நீங்கள் போங்கள்" என்றார்.

"அண்ணா, சேர்ந்துதானே புறப்பட்டோம்?"

"யார் பின்தங்கினாலும் மற்றவர் நிற்பதில்லை என்று ஊரிலேயே பேசிக்கொண்டோமே! இரண்டு பேரும் தோற்றுப் போவதில் என்ன லாபம்? பாங்குக்காரன் சொல்லுகிறேன், கணக்கைக் கேளுங்கள்."

உபாத்தியாயர் போனார். அந்த இருநூறு கிலோமீட்டரில் ஏற்றத்தைவிட அதுவே கனமாக இருந்தது என்று நம்மிடம் சொன்னார். வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு ராம்புயே போய்ச் சேர்ந்தார். பதக்கம் கிடைத்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

பாங்குக்காரர் தலையைத் தாங்கிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் சென்றபின், ஒரு கிராமத்தில் வீட்டுத் திண்ணை போன்ற கல்மேடையில் ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தார். விழித்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. அவர் மேல் கம்பளி ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. ஒரு கிழவி கையில் காப்பியுடன் நின்றாள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது; அவளுக்குத் தமிழ் தெரியாது. கம்பளியை மடித்துக் கொடுத்துக் கும்பிட்டார்.

கணக்குத் தெரிந்த மனிதர் அல்லவா? இனிக் கெடுவுக்குள் போய்ச் சேர முடியாது என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதில் அவமானமும் ஒன்றும் இல்லை. அவர் கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

பகல் ஒன்று ஐம்பதுக்கு, கெடுவுக்கு ஒரு மணி இருபது நிமிஷம் பின்னால், ராம்புயே வாசலில் நுழைந்தார். வேலியோரம் நின்ற ஜனங்கள் மற்றவர்களுக்குக் கொட்டியதைப் போலவே அவருக்கும் கை கொட்டினார்கள். உபாத்தியாயர் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டீர்களா, தம்பி?" என்றுதான் பாங்குக்காரர் முதலில் கேட்டார்.

அம்மாளின் தீர்ப்பு

ஊருக்கு வந்ததும் உபாத்தியாயரின் மனைவி பதக்கத்தை வாங்கிப் பார்த்தாள். கதை முழுவதையும் கேட்டாள்.

"அவரும் அவ்வளவு தூரத்தையும் மிதித்துத்தானே வந்தார்? அவருக்கு ஏன் கொடுக்கவில்லை?"

"கெடு தவறிவிட்டது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே!"

"அடுத்தது எப்போது?"

உபாத்தியாயர் திடுக்கிட்டார். அம்மாளும் கட்சி மாறிவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

2023-ம் வருஷம் ஆகஸ்டில் பாங்குக்காரர் மறுபடியும் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. நான்கு வருஷமாகத் தினந்தோறும் காலையில் கழுத்துக்கென்று தேகப் பயிற்சி செய்திருந்தார். உபாத்தியாயரின் மனைவி அவரிடம் இரண்டு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தனுப்பினாள். ஒன்று வழியில் தின்பதற்கு. மற்றொன்று கம்பளி போர்த்திய அந்தப் பாட்டிக்கு.

இருட்டில் கிராமத்தையும் கல்மேடையையும் கண்டுபிடிப்பதில் இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது. வீடு சாத்தியிருந்தது, விளக்கு இல்லை. பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் புறப்பட்டார்.

88 மணி 10 நிமிஷத்தில் ராம்புயே வந்து சேர்ந்தார்.