நகரும் ஊசியும் நகரும் மானும்

அமெரிக்காவில் வில்வேட்டை துப்பாக்கி வேட்டையிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மாநிலமும் வகுத்துள்ள விதிகளின்படி, உரிமம் பெற்றவர்களால் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் நடத்தப்படுகிறது. விஸ்கான்சின் மாநிலம் 1934-இலேயே வில்லுக்கென்று தனி மான்வேட்டைப் பருவத்தை ஒதுக்கியது. அக்காலத்து வேட்டைக்காரர் பெரும்பாலும் பழக்கத்தின் பலத்திலேயே குறிபார்த்தார். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில் இந்நிலையை மாற்றியது. அதன் இரு முனைகளிலும் உள்ள உருளைகள், நாணை முழுவதும் இழுத்த நிலையில் விரல்கள் தாங்கவேண்டிய பாரத்தைப் பெருமளவு குறைத்துவிடுவதால், எய்பவர் சில நொடிகள் அசையாமல் நின்று நிதானமாகக் குறிபார்க்க முடிகிறது. அந்த நிதானத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் கருவியே ‘சைட்’ எனப்படும் குறிநோக்கி.

குறிநோக்கி என்பது வில்லின் கைப்பிடிக்கு மேலே பொருத்தப்படும் ஒரு வளையம். அதனுள் ஒளியிழை பதித்த மெல்லிய ஊசி ஒன்றோ பலவோ இருக்கும். நாணில் கட்டப்பட்ட சிறு துளையின் வழியே பார்க்கும்போது அத்துளையும் வளையமும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்த, ஊசியின் முனை இலக்கின்மேல் அமைந்தால் குறி சரியாக இருக்கிறது என்று பொருள். இத்தனை ஏற்பாடும் தேவைப்படுவதற்குக் காரணம் அம்பின் வேகமே. நொடிக்குச் சுமார் 280 அடி வேகத்தில் செல்லும் அம்பு, புவியீர்ப்பினால் 20 கஜத் தொலைவில் ஏறத்தாழ 9 அங்குலமும், 40 கஜத்தில் ஏறத்தாழ 3 அடியும் தாழ்கிறது. தொலைவு இருமடங்கானால் தாழ்வு நான்கு மடங்காகிறது என்பதால், 20 கஜத்துக்குப் பொருத்திய ஊசியைக்கொண்டு 40 கஜத்தில் நிற்கும் மானைக் குறிவைத்தால், அம்பு ஓரடிக்கும் கீழே சென்றுவிடும்.

இச்சிக்கலுக்கு இருவகைத் தீர்வுகள் உண்டு. நிலையான குறிநோக்கியில் 20, 30, 40 கஜம் என ஒவ்வொரு தொலைவுக்கும் ஓர் ஊசி அசையாமல் நிற்கும். எய்பவர் உரிய ஊசியைத் தேர்ந்துகொண்டால் போதும். ஆனால் 34 கஜத்தில் நிற்கும் விலங்குக்கு இரண்டு ஊசிகளுக்கு இடையே உத்தேசமாகக் குறிபார்க்க வேண்டியிருப்பதோடு, பரபரப்பில் தவறான ஊசியைப் பார்த்துவிடும் ஆபத்தும் உண்டு. நகர்த்தத்தக்க குறிநோக்கியில் பெரும்பாலும் ஒரே ஊசிதான் இருக்கும்; பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் அது மேலும் கீழும் நகரும், சக்கரத்தில் ஒட்டிய அளவுப்பட்டை 34 என்று காட்டும் இடத்தில் நிறுத்தினால் 34 கஜத்துக்கே குறி அமையும். பார்வையை மறைக்கும் கூட்டம் இல்லை, உத்தேசமும் இல்லை.

எனினும் இக்கருவியின் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ஊசியை நகர்த்தி, நாணை இழுத்துப் பிடித்த பிறகு மான் பத்துக் கஜம் தள்ளி நடந்துவிட்டால், இழுத்த நிலையில் சக்கரத்தைத் திருப்புவது கடினம். நாணைத் தளர்த்தினாலோ அந்த அசைவே மானை எச்சரித்து விரட்டிவிடும். அனுபவமுள்ளோர் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கின்றனர். ஊசியை எப்போதும் 25 கஜத்தில் நிறுத்திவைத்தால், மேற்சொன்ன வேகமுள்ள அம்பு 10 முதல் 30 கஜம் வரை எங்கு எய்தாலும் குறியிலிருந்து மேலோ கீழோ மூன்று அங்குலத்துக்கு மேல் விலகுவதில்லை. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 8 முதல் 10 அங்குல விட்டமுள்ளதாகையால், அந்த எல்லைக்குள் சக்கரத்தைத் தொடவேண்டிய அவசியமே எழாது. அதற்கு அப்பால், நேரம் இருக்கும்போது மட்டும் திருப்பினால் போதும்.

ஆகவே தேர்வைத் தீர்மானிப்பது விலைப்பட்டியலன்று, வேட்டை நிலமே. நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகளில் மரத்தில் கட்டிய பரண்மேல் காத்திருப்பவருக்கு வாய்ப்பு பெரும்பாலும் 30 கஜத்துக்குள் திடீரென வரும். அவருக்கு நிலையான ஊசிகளோ, 25-இல் நிறுத்திய ஒற்றை ஊசியோ போதுமானது. மேற்கின் திறந்த மலைச்சரிவுகளில் விலங்கைத் தொலைவிலிருந்தே பார்த்து நெருங்குபவருக்கு அளந்து திருப்ப நேரம் கிடைப்பதால், நகரும் ஊசியின் துல்லியம் முழுப் பயனைத் தரும். இரு நிலங்களிலும் வேட்டையாடுபவர்கள், மூன்று ஊசிகளும் அவற்றை ஒருசேர நகர்த்தும் சக்கரமும் கொண்ட கலப்பு வகையை நாடுகின்றனர்.

வாங்கும்போது கவனிக்கவேண்டிய நுட்பங்களும் சில உண்டு. 0.019 அங்குல ஊசி தொலை இலக்கைக் குறைவாக மறைக்கும், 0.029 அங்குல ஊசி அந்தி வெளிச்சத்தில் எளிதில் கண்ணுக்குப் படும். வளையத்தின் அடியிலுள்ள நீர்மட்டக் குமிழி, வில் பக்கவாட்டில் சாய்ந்தால் காட்டிக்கொடுக்கும். மலைச்சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எய்யும்போதும் அது பொய் சொல்லாதிருக்க, வளையத்தின் கோணத்தைத் திருத்தும் வசதி இருக்கவேண்டும். சக்கரம் சத்தமின்றித் திரும்புவதும், திருப்பிய இடத்தில் இறுகி நிற்பதும் அவசியம். அளவுப்பட்டை குறிப்பிட்ட வில்லுக்கும் அம்புக்கும் உரியது. அம்பின் எடையை மாற்றினால் பட்டையையும் மாற்றியாக வேண்டும். பேட்டரியில் இயங்கும் விளக்குள்ள வகைகளை வாங்குமுன் மாநில விதிகளைப் பார்ப்பது நல்லது. ஐடஹோ போன்ற மாநிலங்கள் வில்லில் மின்னணுக் கருவி பொருத்துவதை நீண்டகாலமாகக் கட்டுப்படுத்தி வந்துள்ளன.

எந்த வகையானாலும், சாதாரணக் குறிநோக்கி தொலைவை அளப்பதில்லை. அளந்த தொலைவைக் குறியாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. 25 கஜத்தில் நிற்கும் மானை 20 என்று கணித்தால் பிழை ஏறக்குறைய 2 அங்குலம். 40-ஐ 35 என்று கணித்தாலோ அது 4 அங்குலமாகி, உயிர்ப்பகுதியின் விளிம்பைத் தொடுகிறது. அந்த விளிம்புக்கு அப்பால் பட்ட அம்பு மானைக் கொல்லாமல் காயப்படுத்தி அலையவிடும். ஆதலால் லேசர் தொலைவுமானியால் அளக்காத தொலைவில் எய்யாதிருப்பதும், எய்தாலும் எய்யாவிட்டாலும் சக்கரத்தை மறவாமல் 25-க்குத் திருப்பிவைப்பதும் இக்கருவியை வாங்குபவர் அதனுடன் சேர்த்துப் பழகவேண்டிய இரு ஒழுக்கங்களாகும்.