கைக்குள் லினக்ஸ் – 6: பூட்டைத் திறப்பது யார்?

பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றுவது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் வந்த முதல் கட்ட மடிக்கணினிகளில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பென்னாகரமோ அரூரோ, அந்த மடிக்கணினி வீட்டில் இருந்தால் ஒரு பென்டிரைவ் போதும், புது லினக்ஸ் ஏற்றிவிடலாம். ஆனால் உள்ளங்கை அளவுள்ள பழைய கையடக்கக் கணினியில் அதே வேலையைத் தொடங்கினால் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். ஏன்?

மடிக்கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது பயாஸ். திரை, டிஸ்க், நினைவகம் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குச் சொல்லிவிடும். கையடக்கக் கருவியில் அப்படிச் சொல்லித்தர ஆள் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சிப்புகளை இணைத்திருக்கும். திரை எந்த இணைப்பில் இருக்கிறது, பேட்டரி அளவை எந்தச் சிப் சொல்லும் என்பதையெல்லாம் கர்னலில் நாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒரு மாடலுக்கு எழுதியது அடுத்த மாடலுக்குப் பொருந்தாது.

ஐபேக் காட்டிய வழி

2000-ல் காம்பாக் வெளியிட்ட ஐபேக் கையடக்கக் கணினி, விண்டோஸ் சிஇ-யோடு வந்தது. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 32 எம்.பி. ராம், 16 எம்.பி. ஃபிளாஷ். காம்பாக்கின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ் உள்ளிட்டோர் அதில் லினக்ஸை இயக்கிக் காட்டினார்கள்.

முறை இதுதான். முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்ய வேண்டும். ஃபிளாஷில் இருக்கும் விண்டோஸ் முழுவதையும் கணினியில் நகலெடுத்து வைக்க வேண்டும். பிறகு கருவியை இயக்கியதும் முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடரில் பழையதை அழித்து அதே இடத்தில் புதியதை எழுத வேண்டும். சில நொடி வேலைதான், ஆனால் அந்த நேரத்தில் மின்சாரம் போனால் செட் டெட் ஆகிவிடும். எழுதி முடித்ததும் சீரியல் கேபிளை மாட்டி, நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் லினக்ஸை உள்ளே அனுப்பலாம். பூட்லோடரின் எழுத்துகள் கணினித் திரையில் வரிவரியாக ஓடும்போது, கருவி நம் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தயாரித்த நிறுவனத்தின் ஆய்வகமே கைகொடுத்ததால்தான் இது இவ்வளவு சீக்கிரம் நடந்தது.

130 கி.மீ. தொலைவில்

அதே காலத்தில், தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரில் இன்னொரு முயற்சி நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலானோரும் 1999-ல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அவர்கள் உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியில் இருந்ததும் ஐபேக்கில் இருந்த அதே ஸ்ட்ராங்ஆர்ம் சிப்தான். ஆனால் இதில் பிறவியிலேயே லினக்ஸ்.

அதன் ஸ்மார்ட் கார்டு வசதி எனக்கு மிகவும் பிடித்தது. ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஓர் அட்டை. தன் அட்டையைச் செருகினால் அவரவர் தகவல் திறக்கும். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளும் இருந்தது. பாலக்கோடு பக்கத்துக் கிராமம் போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்துச் செய்த கணினி இது. வன்பொருள் வடிவமைப்பையும் பொதுவில் வைத்தார்கள்.

2004-ல் ‘அமிடா’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது தொடக்க விலை 9,950 ரூபாய். 50,000 விற்க நினைத்த இடத்தில் 2005 வரை சுமார் 4,000 மட்டுமே போயிற்று. விலை கிராமத்துக்கு எட்டவில்லை, செல்போன் முந்திக்கொண்டது. ஆனாலும் இங்கிருந்து 130 கி.மீ.யில் நம்மவர்கள் லினக்ஸைக் கைக்குள் கொண்டுவந்தார்கள் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் மேஜை டிராயரில்

2017-ல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் திட்டம், ஒரு போனைப் பத்தாண்டு உழைக்கவைக்க வேண்டும் என்ற இலக்கோடு இயங்குகிறது. 2009-ல் வந்த நோக்கியா என்900-லும் அது ஓடும். அதைவிடப் புதிய பல போன்கள் இன்று குப்பைக்குப் போகின்றன. அவற்றின் பூட்லோடரை நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது, டிரைவர்களின் மூல நிரலையும் தரவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை விற்றவர் தீர்மானிப்பது நியாயமே இல்லை. சாவி வாங்கியவரிடம் இருக்க வேண்டும். இதை நாம் கடையில் நின்று கேட்காதவரை நிலைமை மாறாது.

பழைய கருவி கையில் இருந்தால், அதைத் திறக்கும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சரியான மாடல் எண், சிப்பின் பெயர், பூட்லோடரைத் திறக்க நிறுவனம் அனுமதிக்கிறதா என்ற விவரம். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அதில் நேரம் செலவிட வேண்டாம், வேறு கருவி தேடுங்கள். ‘ஆம்’ என்றால், கருவிக்குள் சீரியல் இணைப்புப் புள்ளிகளைக் கண்டுபிடிப்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)