மனநல ஆலோசகர் ஆகப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

2023 டிசம்பரில் வடசென்னையின் எண்ணூருக்கு அடிமேல் அடி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு முகத்துவாரமெங்கும் படிந்து, படகையும் வலையையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறியவர்களை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆனால், இப்படியொரு இரவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வரும் பயத்துக்கும் பெரியவர்களின் தூக்கமின்மைக்கும் யாரிடம் போவது?

காசிமேட்டில் கடனில் ஓடும் படகு, திருவொற்றியூரில் நாளை உண்டா என்று தெரியாத ஒப்பந்த வேலை, வீட்டைக் கெடுக்கும் குடி என்று வடசென்னைக்குத் தன் பேச்சும் பாடும் தெரிந்த ஆலோசகர்கள் நிறையவே தேவை. இங்கிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் பிள்ளைகள் பலர் இந்தத் துறைக்கு வர நினைப்பது நல்ல செய்தி. அந்த ஆசையைக் காசாக்கும் கூட்டமும் கூடவே வளர்ந்திருக்கிறது. "மூன்று மாதத்தில் சைக்காலஜிஸ்ட் ஆகலாம்" என்கிற ரக விளம்பரத்தை நம்பினால் முதலில் ஏமாறுவது மாணவர். பிறகு பாதிக்கப்படுவது அவரை நம்பி மனம் திறப்பவர்.

யார் யார்?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். மனநலத்துக்கு மருந்து எழுதுவது மருத்துவரின் வேலை. ஆலோசகர் மருந்து தரக்கூடாது.

மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வு மன்றம் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த படிப்பை மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்து, அந்த மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் சேர்த்தவர். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால், 1992ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டப்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சாதாரண எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர் பலகையில் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது ஆபத்து.

ஆலோசனை உளவியல் அல்லது சமூகப் பணியில் இரண்டாண்டு முதுகலை முடித்து ஆலோசகர் ஆகிறவர்கள் பலர். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், 1952இல் தொடங்கிய எழும்பூர் சென்னை சமூகப் பணிக் கல்லூரியிலும் ஆலோசனை உளவியல் முதுகலைப் படிப்பாக இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் சொல்லும் பதிவுமுறை நடைமுறைக்கு வரும்போது, இன்று எங்கே, எப்படிப் படித்தீர்கள் என்பதே நாளைய கேள்வியாக இருக்கும்.

அஞ்சல் வழிப் படிப்பு: பெரிய எச்சரிக்கை

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் அதிகம். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் "இடம் இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால், யு.ஜி.சி. இணையதளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. எதிரே உட்கார்ந்து அழும் ஒருவரிடம் எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, தற்கொலை எண்ணத்தை எப்படி நேரடியாகக் கேட்பது, எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்புவது என்பதெல்லாம் வீடியோ பார்த்து வராது. மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் பேசி, அவரிடம் திருத்தம் கேட்டு, மீண்டும் பேசித்தான் கைவரும்.

சேரும் முன் கேளுங்கள்

• பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது? யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா?
• களப்பயிற்சி எத்தனை மணி நேரம்? எந்த மருத்துவமனை, எந்தப் பள்ளி?
• மேற்பார்வை செய்பவரின் தகுதி என்ன? வாரம் எவ்வளவு நேரம் தருவார்?
• களப்பயிற்சிக்குத் தனிக்கட்டணம் உண்டா?
• முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்?

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்), மாவட்ட மனநலத் திட்டம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவற்றின் வேலை அறிவிப்புகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். அவை கேட்கும் தகுதி நீங்கள் சேரும் படிப்பில் கிடைக்குமா என்று ஒப்பிடுங்கள்.

படிக்கும்போது உங்கள் உரிமை

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் கல்லூரி திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது. சேர்க்கைக் காலத்தை ஒட்டி விலகினால், விலகிய தேதியைப் பொறுத்துக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இரண்டையும் யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவிக்கையாகவே வெளியிட்டது.

களப்பயிற்சி இடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால், "நான் வெறும் பயிற்சி மாணவிதானே" என்று ஒதுங்க வேண்டாம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் சட்டம் பயிற்சியில் இருப்பவரையும் பணியாளராகவே கருதுகிறது. மூன்று மாதத்துக்குள் அங்குள்ள உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். கல்லூரியின் குழுவுக்கும் தெரிவியுங்கள்.

பிறர் துயரத்தைத் தினமும் கேட்பது உங்களையும் வாட்டும். அதை மேற்பார்வையாளரிடம் சொல்வது பயிற்சியின் பகுதி. இரவானாலும் பகலானாலும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகாவின் எண் 044-24640050.

உங்களிடம் வருபவரின் உரிமை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாகக் காப்பதைக் கடமையாக்குகிறது. ஒரே தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் மீனவக் குப்பத்தில் இந்தக் கடமை இன்னும் கனமானது. அங்கே வாய் தவறினால் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் விதிவிலக்கு உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. இவற்றை முதல் சந்திப்பிலேயே வருபவரிடம் சொல்லிவிடப் பழகுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

விளம்பரம், ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பல்கலைக்கழகம், கல்லூரி என்றால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் பதியுங்கள். தனியார் பயிற்சி நிறுவனத்தின் பொய் விளம்பரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. கல்லூரியின் பாடம், தேர்வு குறித்த புகார்களை மட்டும் அந்த ஆணையம் ஏற்பதில் சட்டச் சிக்கல் உண்டு.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 எண்ணை அழையுங்கள்.

'சேரும் முன் கேளுங்கள்' பகுதியில் உள்ள கேள்விகளை எல்லாம் எழுதியே கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.