வள்ளத்தின் அடியில் தேங்கும் கேஸ்

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ஆட்டோவெல்லாம் கேஸில் ஓடுகிறதே, எங்கள் வள்ளத்து எஞ்சினுக்கும் வீட்டு சிலிண்டரை மாட்டினால் என்ன? போதுமான மண்ணெண்ணெய் கிடைக்காமல் அல்லாடுகிறவர் கேட்கும் நியாயமான கேள்வி.

அவருடைய எஞ்சின் ஏற்கெனவே ஒருமுறை எரிபொருள் மாறியதுதான். பெட்ரோல் எஞ்சினையே அமுக்க விகிதத்தைக் குறைத்து மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி செய்தார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவதும், நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு வருவதும் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எரிபொருள் என்ற அளவில் கேஸ் மண்ணெண்ணெயைவிட எவ்வளவோ மேல். தட்டாமல் எரியும், பிளக்கில் கரி குறையும். ஆனால் இவருடையதைப் போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு வழுவழுப்புத் தருவது எரிபொருளோடு கலந்து ஊற்றுகிற ஆயில். அதை கேஸ் சிலிண்டருக்குள் கலக்க வழியில்லை. ஆயிலுக்குத் தனி பம்ப் வைக்காமல் கேஸில் ஓட்டினால் நடுக்கடலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சமையல் கேஸில் இருக்கும் புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கும். ஆட்டோவில் கசிந்தால் தரையோடு பரவிக் காற்றில் கலைந்துவிடும். வள்ளத்திலோ அடியில் ஓட்டையே இருக்கக் கூடாது! தண்ணீர் உள்ளே வராமல் காக்கிற அதே அடிப்பலகை கேஸ் வெளியே போகாமலும் காக்கிறது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தூர் வாருமுன் அப்பா அரிக்கன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார். விளக்கு அணைந்தால் ஆளை இறக்கமாட்டார். கனமான கெட்ட காற்று கிணற்றடியில் தேங்குவதுபோலத்தான் கேஸ் வள்ளத்தின் அடியில் தேங்கும். இங்கே விளக்கை இறக்கிப் பார்க்கவும் முடியாது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் இருந்தாலே ஒரு பொறி போதும். கசிவைக் காட்டிக்கொடுக்கச் சேர்த்திருக்கும் நாற்றமும் மீன் வாடையிலும் கடற்காற்றிலும் மூக்குக்கு எட்டாமல் போகலாம்.

வெளிநாட்டுப் பாய்ப்படகுகளில் வெறும் சமையல் அடுப்புக்கே சிலிண்டரைத் தனிப் பெட்டியில் அடைத்து, பெட்டியின் அடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே கடலுக்கு ஒரு குழாய் விடுகிறார்கள். கசிந்த கேஸ் அதன்வழி வெளியே வழிந்துவிடும். சின்ன ஏற்பாடு, பெரிய செலவும் இல்லை. நம் கரைகளிலும் இதைக் கட்டாயமாக்கி, கேஸ் பொருத்துவதை உள்ளூர் மெக்கானிக்குகளுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். மானிய மண்ணெண்ணெயை அளந்து கொடுப்பதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். ஆட்டோ உதிரிபாகங்களை வாங்கி வைத்துக்கொண்டு மீனவர்கள் தாங்களே முயன்று பார்க்கும் நிலைமைக்கு அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வாசகருக்கு என் பதில்: வீட்டு சிலிண்டர் வேண்டாம். வண்டிக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அது அடுப்புக்கு ஆவியை மெல்ல விடுவதற்காகச் செய்தது. எஞ்சின் வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் விழுந்து, அலையில் நிற்கும்போது எஞ்சின் அணையும். கேஸுக்கென்றே செய்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், கசிவு உணரி, வெளிக்குழாய் வைத்த பெட்டி மூன்றும் சேர்ந்து வந்தால் வாங்குங்கள். அதில் ஒன்று குறைந்தாலும், விற்பவர் என்ன சொன்னாலும், பழைய எஞ்சினிலேயே போய்வாருங்கள்.