உஷார்! மேடை தருகிறோம் என்று போன் வருகிறதா?

பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டே வாருங்கள். இதை முதலில் படித்துவிடுங்கள்.

ஆடி முடிந்தால் போதும், சென்னையில் மார்கழிக் கச்சேரிப் பேச்சு ஆரம்பித்துவிடும். கூடவே சில போன்களும் வர ஆரம்பிக்கும். "உங்க பொண்ணு பாடின வீடியோ பார்த்தோம் மேடம். அபாரம்! எங்க சர்வதேசப் போட்டியில நேரா ஃபைனல்ஸுக்கே செலக்ட் பண்ணிட்டோம்." பெற்ற வயிறு குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சியில்தான் நாம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுகிறோம். முதல் சுற்றில் பாடாத பிள்ளை இறுதிச் சுற்றுக்கு எப்படிப் போனது?

சென்னைப் புறநகரில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்த பெண். ஐந்தரைக் கட்டையில் கணீரென்று பாடுவாள். இப்படித்தான் ஒரு போன் வந்தது. முதலில் பதிவுக் கட்டணம் என்று ஒரு சின்னத் தொகை. அடுத்து இறுதிச் சுற்றுக்குக் கொஞ்சம் பெரிய தொகை. விழா நடந்தது. ஷீல்டு, பொன்னாடை, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டம். அன்றைக்குப் பணம் கட்டி வந்திருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அதே பட்டம்!

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த விழாவில் அறிமுகமான ஒருவர், "டிசம்பர்ல ஸ்லாட் வாங்கித் தர்றேன். சாயந்திர ஸ்லாட்" என்றார். நன்கொடை என்று ஒரு தொகை. வயலின், மிருதங்கக்காரர்களுக்கு சன்மானம் தனி. வீடியோவுக்குத் தனி. போதாததற்கு ஒரு கட்டு டிக்கெட்டையும் கொடுத்து, விற்றுத் தரச் சொன்னார்கள். அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தார். கடைசி வாரத்தில் சாயந்திரம் என்றது மதியம் ஒன்றரை மணியாக மாறியது. அரங்கில் சித்தப்பா குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மட்டும்.

காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். குரல் போனால்?

பணம் கட்டிவிட்டோமே என்று அந்தப் பெண்ணை மூன்று வாரத்தில் ஐந்து மேடை ஏற்றிவிட்டார்கள். நடுவில் அவளுக்குச் சளி, தொண்டைக் கட்டு. கேன்சல் செய்ய மனம் வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். நாலாவது கச்சேரியில் தார ஸ்தாயியில் நின்று பாடும்போது குரல் பட்டென்று உடைந்தது. அதற்குப் பிறகும் ஐந்தாவது கச்சேரிக்கு உட்கார வைத்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. குரல்நாணில் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். வாயே திறக்கக் கூடாது என்று வாரக் கணக்கில் மௌனம். பிறகு மாதக் கணக்கில் குரல் பயிற்சி. மேல் ஷட்ஜத்தில் அந்தப் பழைய சாரீரம் இன்னும் திரும்பவில்லை.

ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். அடியில் இருக்கிற காயத்தை ஆற்றாது. பாடாதே என்று தொண்டை கொடுக்கிற எச்சரிக்கை காதில் விழாமல் போய்விடும். பிள்ளை பாடிக்கொண்டே போகும். கசிந்த இடத்தில் தழும்பு விழுந்தால் அது நிரந்தரமாகவே குரலைக் கெடுத்துவிடலாம். டாக்டர் தொண்டையைப் பார்க்காமல் இந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்! கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் குரல்நாணைப் பரிசோதித்தே ஆக வேண்டும். பாடும்போது சட்டென்று குரல் போனால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள். ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடைகிற வயதில் பழைய கட்டையிலேயே பாடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். மிருதங்கம், வயலின் வாசிக்கிற பிள்ளை மணிக்கட்டு வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால், சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்.

இனி, எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

போட்டிக்கு நியாயமான நுழைவுக் கட்டணம் உண்டு, அதில் தப்பில்லை. ஜெயித்த பிறகு காசு கேட்டால்தான் சந்தேகம் வர வேண்டும். நடுவர்கள் யார் என்று கடைசி வரை சொல்லாவிட்டாலும் அப்படித்தான். சங்கம் என்கிறார்களா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு எண் இருக்கும். கேளுங்கள். "என்ன மேடம், நம்பிக்கை இல்லையா?" என்றால் போனை வையுங்கள். நன்கொடைக்கு ரசீது இல்லை, தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பு என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இன்னொரு அறிகுறி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வருஷம் முழுக்கப் பிள்ளை அதே நாலு கீர்த்தனையைத்தான் மெருகேற்றிக்கொண்டிருக்கிறதா? கல்பனாஸ்வரம்கூட எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறதா? பத்து நிமிடப் போட்டிக்கு அது போதும், பரிசும் கிடைக்கும். ஆனால் இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு மனோதர்மம் வேண்டும், ராகம் தானம் பல்லவி வேண்டும். இருபது வயதில் அலமாரி நிறைய ஷீல்டு வைத்துக்கொண்டு ஒரு தோடி ராகத்தை விரிவாகப் பாட முடியாமல் தவிக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

அடுத்தது சொல்லவே கூசுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நான் சான்ஸ் வாங்கித் தர்றேன், பொண்ணைத் தனியா அனுப்புங்க" என்று யார் சொன்னாலும் அனுப்பாதீர்கள். அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் சரி! 2018 அக்டோபரில் கர்நாடக இசை உலகத்துக்குள்ளிருந்தே பாலியல் புகார்கள் வெடித்தன. அந்த வருஷ டிசம்பர் விழாவுக்கு மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களை விலக்கி வைத்தது. ராத்திரி வேளையில் மெசேஜ், "அம்மாகிட்ட சொல்லாதே" என்ற பேச்சு, வகுப்புக்குக் கிளம்பும்போது பிள்ளைக்கு வயிற்று வலி — இதில் எதையும் தள்ளிவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் இருக்கிறது. தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். குருவுக்குக் கெட்ட பெயர் வருமே என்று வாயை மூடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

நேர்வழி இல்லாமல் இல்லை. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கலாசார வள, பயிற்சி மையம் (சிசிஆர்டி) தரும் உதவித்தொகை இருக்கிறது. 18 முதல் 25 வரை மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. ஆகாசவாணி ஆடிஷனில் பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு உண்டு. அதைக் காசு கொடுத்து வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவரும் மோசடிக்காரர்தான். சபாவுக்கு நீங்களே நேரில் போய் விண்ணப்பம் கொடுங்கள். மதிய ஸ்லாட் கிடைத்தால் அதில் கேவலம் எதுவும் இல்லை. இன்றைய முன்னணிப் பாடகர்கள் பலரும் மதியக் கச்சேரி பாடித்தான் மாலைக்கு வந்தவர்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்துவிட்டீர்களா? நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று மறைக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கை மாறுவதற்குள் வங்கியில் தடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள், இப்போதே போனை எடுங்கள்.