அடங்காமல் இரையும் எஞ்சின்



பழைய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளை இன்னும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வரும் தோட்டக் குடும்பங்கள் உண்டு. 1958-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வண்டியின் வழியில் வந்தது இது. 'கப்சாய்' என்று நாம் அழைப்பதும் அந்தக் 'கப்' என்ற பெயரைக் கொண்டுதான். அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகிறார். இத்தகைய வண்டியில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு கோளாற்றைப் பற்றி இன்று பேசுவோம். வலது கைப்பிடியை முறுக்காமல் விட்டிருக்கும்போதும் எஞ்சின் அடங்காமல் வேகமாக இரைவதுதான் அந்தக் கோளாறு.

"சத்தம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று இதை விட்டுவிடக் கூடாது. சி70 வண்டியில் கையால் பிடிக்கும் கிளச் கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் கிளச் தானாகப் பற்றிக்கொள்ளும். வேகம் குறைந்தால் தானாக விட்டுவிடும். எஞ்சின் அடங்கி ஓடினால்தான், கியர் போட்ட பிறகும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இரைந்துகொண்டிருக்கும் எஞ்சினில் முதல் கியரை மிதித்துக் காலைத் தளர்த்தினால் வண்டி முன்னால் பாயும். பெரட்டுக்குப் புறப்படும் விடியற்காலை இருட்டில், பின்னால் மனைவி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பெட்ரோல் வீணாவது மற்றொரு நட்டம்.

இதற்குக் காரணம் என்ன? ஒரே வார்த்தையில் சொன்னால், காற்று. பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்பரேட்டருக்குள் ஓர் அடைப்பான் மேலும் கீழும் போய்வருகிறது. கைப்பிடியை முறுக்கினால் கேபிள் அதை மேலே தூக்கும். கைப்பிடியை விட்டால் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும். கீழே இறங்கிவிட்டால் மிகக் குறைந்த காற்றுதான் எஞ்சினுக்குப் போகும். ஆகவே, எஞ்சின் அடங்கவில்லை என்றால் வேண்டாத காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். அடைப்பான் முழுவதும் இறங்காமல் இருக்கலாம். அல்லது, கார்பரேட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு சந்து வழியாகக் காற்று புகலாம். இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

பலர் முதலில் ஐட்லிங் திருகாணியைத் திருகிவிடுகிறார்கள். காய்ச்சலின் காரணத்தை அறியாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது இது. திருகாணி கடைசியில்தான் வர வேண்டும்.

சோதனையை வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் செய்யுங்கள். மூடிய அறையில் எஞ்சின் புகை உயிரைப் பறித்துவிடும். வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் இல்லாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு எஞ்சினைச் சூடாக்குங்கள். சோக்கு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சில வேளைகளில் கோளாறு இதோடு முடிந்துவிடும்.

முதலாவது, கேபிளைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்புங்கள். இரைச்சல் கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கைப்பிடி, கேபிளை இழுக்கத் தொடங்குமுன் இரண்டு முதல் ஆறு மில்லிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும். அசைவே இல்லையென்றால் கேபிளைத் தளர்த்திக்கொடுங்கள். இழை பிரிந்த கேபிளை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அடைப்பானைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முறுக்கி விடுங்கள். அது சட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பலாக வந்தால் கேபிளில் துருவோ, அடைப்பானில் அழுக்கோ இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு கார்பரேட்டரின் மேல்மூடியைத் திறந்து அடைப்பானை வெளியே எடுத்துத் துடையுங்கள். அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் வரக் கூடாது. அடைப்பானின் அடியில் சரிவாக வெட்டப்பட்ட பக்கம் ஒன்று உண்டு. திரும்பப் பொருத்தும்போது அந்தப் பக்கம் காற்று வடிகட்டியை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் அடைப்பான் சரியாக அமராது. கழுவிப் பூட்டிய மறுநாளே தொடங்கும் இரைச்சலுக்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, காற்றுக் கசிவைப் பாருங்கள். கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கட்டும் ரப்பர் வளையமும் நாள்பட்டால் இறுகிச் சுருங்கும். ஐட்லிங் திருகாணியை முழுவதும் தளர்த்தியும் எஞ்சின் அடங்கவில்லை, கேபிளும் அடைப்பானும் சரியாக இருக்கின்றன என்றால், சந்தேகம் இங்கேதான். எஞ்சின் ஓடும்போது சிறு தூரிகையால் சவர்க்கார நீரை அந்த இணைப்பைச் சுற்றித் தடவுங்கள். தடவிய நொடியில் எஞ்சின் ஓசை மாறினால் கசிவு அங்கேதான் இருக்கிறது. பெட்ரோலைத் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எஞ்சினில் அது நெருப்போடு விளையாடுவதாகும். பிளக்கின் முனை வெளுத்திருப்பதும் அதிகக் காற்றுக்கு ஓர் அறிகுறி. அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். கேஸ்கட்டையும் வளையத்தையும் புதிதாக மாற்றி, இரண்டு நட்டுகளையும் ஒரே அளவாக இறுக்குங்கள். மிதமிஞ்சி இறுக்கினால் கார்பரேட்டரின் முகம் வளைந்து புதிய கசிவு உண்டாகும்.

இவ்வளவும் சரியான பிறகே ஐட்லிங் திருகாணிக்குப் போக வேண்டும். சி70 எஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 1,500 சுற்று சுற்றினால் போதும். அதைக் காட்டும் மீட்டர் வண்டியில் இல்லை, காதுதான் மீட்டர். எஞ்சின் நின்றுபோகாமலும் இரையாமலும் சீராக ஓடும்படி திருகாணியைச் சிறிது சிறிதாக அமையுங்கள். பிறகு தனியாக வண்டியில் ஏறி, பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரைப் போடுங்கள். வண்டி முன்னால் இழுக்காவிட்டால் வேலை முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சின் அடங்கவில்லை என்றால், தீப்பொறி விழும் நேரம் தவறியிருக்கலாம். அதைப் பட்டறையில் காட்டுவதே நல்லது. அங்கே போகும்போது, நீங்கள் எதையெதைச் சோதித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பட்டறைக்காரருக்கு நேரம் மிச்சம். உங்களுக்குக் காசு மிச்சம்.

வண்டி அடங்கி நிற்கிறது என்ற உறுதி வரும்வரை பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள்.